ஒற்றை அஞ்சு நான், இரட்டை அஞ்சு அவன்

இல்லைத் தம்பி, நான் நிப்பாட்டேல்லை. விரல் வழுகிப் போச்சு. உந்தச் சின்ன மைக்கை அமத்திப் பிடிச்சுக்கொண்டு கதைக்க வேணும். விரலை எடுத்தால் அரைவாசியில போயிடும். இப்ப மேல தள்ளிப் பூட்டி விட்டிருக்கிறன், இனிக் கை எடுத்தாலும் பதியும்.

நீர் கேட்டதைச் சொல்லுறன். படம் எடுத்துத் தந்த ஆளின்ர பேர். அதைத்தானே திரும்பத் திரும்ப எழுதுறீர். அதைச் சொல்லத்தான் கிணத்தடிக்கு வந்து நிக்கிறன். வீட்டுக்குள்ள சிக்னலும் இல்லை, அம்மாவின்ர காதும் இருக்கு. ஆனால் எனக்கு ஒரு விசயத்தைச் சட்டெண்டு சொல்ல வராது. அடியில இருந்து வந்தால்தான் எனக்கு வாய் திறக்கும். கொஞ்சம் பொறுத்துக் கேளும். நான் கதைச்சு அனுப்பிறன், நீர் எழுதும். பக்கத்தில ஆக்கள், கோல் எடுக்கேலாது எண்டு சொல்லிப்போட்டீர். அதுக்கு ஒண்டும் செய்யேலாது.

முதல்ல பாட்டைப் படிப்பமே? இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லே. நான் தொடங்கட்டோ?

சரி, சரி. நேரமில்லை எண்டால் விடும். பேந்து பார்ப்பம்.

சாப்பிட்டீரோ? சோறோ. நல்லது. அம்மா கேப்பா, அதுக்குத்தான் கேட்டனான்.

இந்தப் போனை நீர் வாங்கிக்கொண்டு வரேக்கை நான் வேண்டாம் எண்டனான். உமக்கு மறந்திருக்கும், நான் சொல்லுறன். எனக்குப் பட்டன் போன் காணும் எண்டனான். நீர் கேக்கேல்லை. கடையில தந்த போனுக்குள்ள கிடந்ததெல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சுப்போட்டு, காசில்லாத சாமானாப் பார்த்துப் பார்த்து ஏத்தினீர். ஒருத்தன் காசில்லாமல் தாறான் எண்டால் அதுக்குள்ள ஏதோ கள்ளம் கிடக்குது எண்டு நான் சொன்னனான். அதுக்கு நீர், இலவசத்தில ரெண்டு விதம் இருக்கப்பா எண்டீர். ஒண்டு, கடைக்காரன் பிள்ளையின்ர கையில இனிப்பை வைச்சு அதைக் கடைக்குள்ள கூப்பிடுற இலவசம். மற்றது அன்னதான மடத்து இலவசம். மடத்துக் குசினிக்குக் கதவில்லை. ஆரும் போய்க் கிடாரத்துக்குள்ள என்ன வேகுது எண்டு எட்டிப் பார்க்கலாம். உப்புக் கூடினால் சொல்லலாம். விருப்பமெண்டால் அகப்பையை வாங்கி நாங்களும் கிண்டலாம். நாங்கள் இப்ப கதைக்கிற இந்த ஆப்பை எழுதினவையும் தாங்கள் எழுதினதை அப்பிடித் திறந்துதான் வைச்சிருக்கினமாம். அந்தக் கதைக்குப் பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. நயினாதீவு மடத்தில எத்தினை தரம் சாப்பிட்டுக் கை கழுவின ஆள் நான்.

பேந்து அந்த மாட்டுக்கண்டு. சிரிப்பீர். புதுப் போன் எண்டு எங்கட மாட்டுக்கண்டை ஒரு படம் எடுத்தனான். நீர் அதை வாங்கி என்னவோ தட்டிப்போட்டு, நான் நிண்ட இடத்தை உலகப் படத்தில குத்திக் காட்டினீர். எந்தப் பூவரசுக்குக் கீழ நிண்டது, எத்தினை மணிக்கு, எந்தப் போனால, எல்லாம். மாட்டுக்கண்டைத்தானே எடுத்தன். மாட்டுக்கண்டுக்குப் பின்னால முழு ஊரும் ஒளிச்சுக் கிடந்திருக்கு. அதையெல்லாம் படத்தில இருந்து உரிச்செடுக்க ஒரு சாமான் ஏத்தித் தந்தீர். முகத்தைக் கலைக்க இன்னொண்டு.

மூண்டு கை மாத்திற கதையும் அண்டைக்குத்தான் சொன்னனீர். நாங்கள் அனுப்புற படத்தை, ஒரு பார்சல் மாதிரி, நேர விடாமல் மூண்டு பேரின்ர கையால விடுறது. முதல் கைக்கு ஆர் தந்தது எண்டு தெரியும், ஆருக்குப் போகுது எண்டு தெரியாது. கடைசிக் கைக்கு ஆருக்கு எண்டு தெரியும், ஆர் விட்டது எண்டு தெரியாது. நடுக் கைக்கு ரெண்டும் தெரியாது. நான் அந்த நடுக் கையைத்தான் நெடுக யோசிக்கிறனான். ஒண்டும் தெரியாமல் ஒரு வேலையைப் பிழையில்லாமல் செய்யிற ஆள். குடுத்து வைச்ச ஆள்.

பக்கத்து வீட்டு அப்புத்துரை அண்ணையிட்டை இதில ஒண்டும் மூச்சு விடக் கூடாது எண்டீர். சரியான சொல்லு. அவர் காலமை எழும்பினால் சரவணை ஊர் முழுக்கப் போனில ரோசாப்பூப் படம் அனுப்புற மனிசன். ரோசாப்பூவுக்குக் கீழ தான் எந்த டொக்டரிட்டை எந்த வருத்தத்துக்குப் போறன் எண்டதையும் போடுவார். உங்களுக்கு மறைக்க ஒண்டும் இல்லையோ அண்ணை எண்டு கேட்டன். சாரத்துக்குள்ள கிடக்கிறதை விட்டால் என்னட்டை என்னடா மறைக்கக் கிடக்கு எண்டார்.

ஓமோம், விசயத்துக்கு வாறன். கோவியாதையும்.

மண் விசயம். எங்கட நிலத்தில நல்ல தண்ணி மண்ணுக்குக் கீழ மிதந்துகொண்டு நிக்குது. மேல மண்ணை வழிச்சால் கீழ கடல் ஏறும். இது இஞ்சை பால்குடிக்கும் தெரியும். முதல்ல ரக்ரரில அள்ளினவங்கள். பேந்து ரிப்பர் லொறி வந்தது. கோயில் கிணறு உவரானது. பிறகு பள்ளிக்கூடக் கிணறு. சனம் கான் கட்டிச் சைக்கிளில தண்ணிக்குத் திரிஞ்சது. அப்பதான் இன்ரநெற்றில அந்தப் பேரில்லாத பக்கம் துவங்கினது. வாகனத்தின்ர இலக்கத்தகடு, ஏத்திற ஆக்கள், குடைக்குக் கீழ நிண்டு லோட் எண்ணிற ஆள், எல்லாத்தையும் கிட்ட நிண்டு எடுத்த படங்கள்.

பஸ்ஸுக்குள்ள வேற கதை இல்லை. உதைப் போடுறது ஆர்? கனடாக்காரன் எண்டான் ஒருத்தன். கனடாவில இருந்து இலக்கத்தகடு தெரியுமோ விசரா எண்டான் மற்றவன். நான் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பயம்தான் கூட. ஆனால் பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு மண் விசயமா வைச்ச ஊர்க் கூட்டத்தில எழும்பி ஒரு கேள்வி கேட்டதுதான் வினை. பக்கத்தில பேரில்லை. கூட்டத்தில முகம் இருக்கே. நாலாம் நாள் மோட்டச்சைக்கிளில ரெண்டு பேர் வந்து படலையில நிண்டு, சுஜிதன் நிக்கிறாரோ எண்டு வலு மரியாதையாக் கேட்டவங்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கேல்லை. அண்டைக்கே வீட்டை விட்டு வெளிக்கிட்டது. எங்கை எண்டு கேக்காதேங்கோ அப்பா, தெரியாட்டி உங்களை அடிச்சாலும் வராது எண்ட சொல்லோட.

படம் எடுத்த ஆளோ? ஓம், ஆம்பிளைதான். வயசாளி. இஞ்சத்தை ஆள்தான். பயந்த சுபாவம். கடைக்குப் போனாலும் மற்ற ஆக்கள் வாங்கிக்கொண்டு போகுமட்டும் ஒதுங்கி நிக்கிற ரகம். கரையோரம் காவோலை பொறுக்கப் போறவர். மண் ஏத்திறவங்கள் அவரைக் கண்டால், ஐயா தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு காசு குடுப்பாங்கள். மிச்சத்தைச் சதம் பிசகாமல் குடுக்கிறபடியால் அவரில வலு பட்சம். சேட்டுப் பொக்கற்றுக்குள்ள போனை வைச்சால் மேல கமராக் கண் மட்டும் எட்டிப் பார்க்கும். அவரை ஆர் பார்க்கப் போகினம். தேத்தண்ணியைத்தான் பார்ப்பினம்.

பேர் வருது, பேர் வருது. பொறும்.

இண்டைக்கு அக்கா வந்தவ. கோபிகா அக்கா. புளியங்கூடலால பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. பிள்ளைக்குப் பல்லு முளைக்குது, கண்டதெல்லாம் கடிக்குது. உம்மைத்தான் விசாரிச்சவ, தம்பி எழுதினவனோ எண்டு.

ஓம், சொல்லுறன். அக்காவைக் கவனமா இருக்கட்டாம் எண்டு சொல்லுறன்.

அதோட அம்மா அனுப்பின பை. அது கிடைச்சதோ எண்டு அவ ஒரே ஆக்கினை. ஒண்டும் அனுப்பாதேங்கோ, ஒரு ஆளையும் ஒரு சாமானையும் என்ர பக்கம் விடாதேங்கோ எண்டுதான் முதல் சொன்னது. அவ விட்டாவோ. பிள்ளை கடைச்சோத்தில காயுது எண்டு அழுகை. கடைசியில, சரி, வெள்ளவத்தையில பஸ்ஸால இறக்கினால் எடுக்கலாம் எண்டு எழுதி வந்தது. நான்தான் யாழ்ப்பாணம் போய்ச் சாரதியின்ர கையில குடுத்தனான். பை கிடைச்சதோ?

ஓ. கிடைச்சதோ.

பனம்பழ அல்வா நல்ல ருசியோ.

அல்வா. ஓம். அம்மாட்டைச் சொல்லுறன். அல்வா நல்லாயிருந்ததாம் எண்டு.

கொஞ்சம் பொறும் தம்பி, தண்ணி ஒரு வாய் குடிச்சிட்டு வாறன். எனக்கு உப்பிடி நீளமாக் கதைச்சுப் பழக்கமில்லை.

இனிச் சொல்லப்போறதை ஆறுதலாக் கேளும். இடையில எழுதாதையும். எழுதினால் எனக்குத் தட்டுப்படும்.

இந்த ஆப்புக்குள்ள ஒரு இலக்கம் கிடக்குது. எங்கட பேருக்கு மேல தட்டி உள்ளுக்க போனால் வரும். ரெண்டு போனுக்கும் பொதுவா ஒரு இலக்கம். அறுபது எண், அஞ்சஞ்சாப் பிரிச்சுப் பன்னிரண்டு துண்டு. ரெண்டு பக்கமும் ஒரே எண் நிண்டால் நடுவில ஒருத்தரும் இல்லை எண்டு அர்த்தம். இதைக் கனபேர் பார்க்கிறேல்லையாம். அவன் சொன்னான், அப்பா, நீங்கள் பார்ப்பியள், உங்களுக்குக் கூட்டல் பிழைச்சால் நித்திரை வராது எண்டு.

ஓம். அவன் எண்டுதான் சொன்னனான். கவனிச்சிட்டீர்.

போயிடாதையும். நீர் போகமாட்டீர், உமக்குப் பேர் வேணும். இருந்து கேளும்.

அறுபது எண்ணைத் தலையில வைக்க எனக்கு வழி தெரியேல்லை. எழுதி வைக்கக் கூடாது எண்டிட்டான். அவன்தான் ராகம் போட்டான். கோயிலில பதிகம் படிக்கிற மாதிரி, அஞ்சு எண் ஒரு அடி. ஒற்றை அஞ்சு நான், இரட்டை அஞ்சு அவன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கோல் எடுத்தால் முதல்ல அதுதான். நான் ஒரு அடி, அவன் ஒரு அடி. அம்மா குசினிக்குள்ள நிண்டு, இதென்ன புதுப் பதிகம், சாமியின்ர பேரைக் காணேல்லை எண்டு பகிடி பண்ணுவா. பன்னிரண்டும் முடிஞ்ச பிறகுதான், அப்பா சாப்பிட்டியளோ எண்டு கேப்பான்.

பை போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோல் வரேல்லை. அடுத்ததும் வரேல்லை. பேந்து ஒரு மத்தியானம் நீர் எழுதினீர். அப்பா, பழைய போன் உடைஞ்சு போச்சு, இது புதுசு எண்டு. அதுக்கு மேல அந்த ஆப் தன்ர பாட்டில ஒரு வரி போட்டிருந்தது. இவரோட உள்ள பாதுகாப்பு இலக்கம் மாறிவிட்டது. சின்ன எழுத்து. கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டி வாசிச்சனான். உள்ளுக்க போய்ப் பார்த்தன். முதல் அடியே வேற. ராகத்துக்கு நிக்கேல்லை.

போன் உடைஞ்சாலும் எண் மாறும், அதுவும் தெரியும். அப்பிடி மாறினால் அவன் முதல்ல கோல் எடுத்துப் புது எண்ணைப் படிக்க வேணும். அதுதான் எங்கட ஒழுங்கு. நீர் எடுக்கேல்லை. பாட்டு எண்டால் என்ன எண்டும் கேக்கேல்லை. நேரமில்லை எண்டீர்.

நான் கொஞ்சம் கொஞ்சமா யோசிக்கிற ஆள். யோசிச்சன். அவன்ர போனைத் திறந்து எழுதியிருந்தால் எண் மாறியிராது. அப்ப அவன்ர போனை உங்களால திறக்க ஏலேல்லை. சிம்மைக் கழட்டி வேற போனில போட்டிருக்கிறியள். அந்த நம்பருக்கு அவன் ஒரு பூட்டும் போட்டு வைச்சவன். ஒரு கிழமை ஆளரவம் இல்லாட்டித்தான் அது தானாத் திறக்கும் எண்டு சொன்னவன். அதுதான் பொறுத்திருந்து வந்திருக்கிறியள். போன் திறபடேல்லை எண்டால், அவன் கடவுச்சொல்லைச் சொல்லேல்லை. சொல்லேல்லை எண்டால் ஒண்டில் சொல்லமாட்டன் எண்டு நிண்டிருக்கிறான். இல்லாட்டி, சொல்ல அவனால ஏலாமல் போயிருக்கு.

இந்த ரெண்டுக்கும் நடுவிலதான் நான் இவ்வளவு நாளும் நிக்கிறன்.

அவன் ஏத்தித் தந்த சாமானில ஒண்டுகூடப் பிழைக்கேல்லைத் தம்பி. மூண்டு கையும் பிழைக்கேல்லை, படத்தை உரிச்சதும் பிழைக்கேல்லை. பைக்குப் பின்னாலயே போனால் ஆளிட்டைப் போகலாம். அதுக்குக் கம்பியூட்டர் தேவையில்லை. அவனுக்கு எங்களை விட்டால் நம்ப ஒரு கை இல்லை, தானே வந்து எடுத்திருக்கிறான். அம்மாட்டை இதைச் சொல்லேல்லை. சொல்லமாட்டன்.

அல்வா எண்டு எழுதினீரே. அதைப் பினாட்டு எண்டு சொல்லுறது. பனம்பழத்தைப் பிழிஞ்சு பாயில காயவைச்சு எடுக்கிறது. தீவாரின்ர பிள்ளை, பேச்சு வரேக்கையே பினாட்டு எண்டு கேக்கும். பைக்குள்ள என்ன கிடந்தது எண்டு நான் உமக்குச் சொல்லேல்லை. நீராத்தான் பனம்பழம் எண்டீர். அப்ப பையைத் திறந்திருக்கிறீர். ஒரு துண்டு வாயிலயும் வைச்சிருக்கிறீர். நீர் ஆரோ ஒருத்தர், அவன்ர சிம் ஏதோ கடையால வந்தது எண்டு நான் ஒரு மூலையில நினைச்சுக்கொண்டிருந்தனான். பினாட்டைச் சாப்பிட்டு அந்த மூலையையும் இடிச்சுப்போட்டீர்.

அவனுக்கு அக்கா இல்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை.

இன்னுமொண்டு. நான் தொடக்கத்தில இருந்து உம்மை நீர், நீர் எண்டுதான் கதைச்சனான். அவனை நான் பிறந்த நாளில இருந்து நீ எண்டுதான். நீ, வாடா, போடா. ஒருநாள் பகிடிக்கு நீர் எண்டதுக்கு, அப்பா என்னோட கோவமோ எண்டு சாப்பிடாமல் இருந்தவன். நீர் ஒரு தரமாவது ஏன் எண்டு கேப்பீர் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான். கேட்டிருந்தால் நான் திரும்பவும் நம்பியிருப்பன்.

எனக்குக் கோவமில்லை. கோவிக்க எனக்குத் தெரியாது. ஒரேயொரு மனவருத்தம். அவன் எழுதினதெல்லாம் ஒரு கிழமையில அழியிற மாதிரி வைச்சிருந்தவன். பாதுகாப்புக்கு. அப்பா வாசிச்சு மனசில வையுங்கோ எண்டான். இப்ப அவன் எழுதினதில ஒரு சொல்லும் என்னட்டை இல்லை. சாப்பிட்டியளோ எண்டது கூட இல்லை. நீர் வந்த நாளோட அந்த அழியிறது நிண்டுபோச்சு. உம்மட எழுத்து மட்டும் அழியாமல் அப்பிடியே கிடக்குது. அம்மா அதைத்தான் விரலால தள்ளித் தள்ளி வாசிக்கிறா. என்ர பிள்ளை எழுதினது எண்டு. உம்மட எழுத்தைக் கொஞ்சுறா.

முறைப்பாடு குடுக்கவும் போனனான். அங்க இருந்தவர் நல்லமாதிரித்தான் கேட்டார். கடைசியா எங்க இருந்தவர்? தெரியாது. ஆரோட? தெரியாது. என்ன வேலை? சொல்லேலாது. கடைசியா எப்ப எழுதினவர்? நேற்று எண்டுதான் போன் காட்டுது. அவர் பேனையை மூடி வைச்சிட்டு, ஐயா, நேற்று எழுதின பிள்ளையை எப்பிடிக் காணேல்லை எண்டு எழுதுறது எண்டார். நியாயமான கேள்வி. அவன் மறைச்ச மறைப்பில குறை சொல்ல ஒண்டுமில்லை. உங்களைத் தவிர எல்லாரிட்டை இருந்தும் மறைச்சுப்போட்டான். எங்களிட்டை இருந்தும்தான்.

பக்கமும் அப்பிடியே நிக்குது. ரிப்பர் இப்ப பகலில ஓடுது. எங்கட கிணறு இன்னும் நல்ல தண்ணிதான். போன கிழமையில இருந்து நாக்கில ஒரு சின்னக் கரிப்பு. அம்மா இல்லை எண்டுறா. எனக்குத் தெரியும்.

சரி. பேர்.

அதுக்கு முதல் நீர் ஒண்டு செய்ய வேணும். பழைய எண், எண் மாறின உடனை ரெண்டு போனிலயும் இல்லாமல் போச்சு. எந்தக் கம்பியூட்டரிலயும் இல்லை. அது இப்ப ரெண்டு தலைக்குள்ளதான் கிடக்குது. ஒண்டு என்ர தலை. மற்றதைத்தான் உம்மட்டைக் கேக்கிறன். நான் முதல் அடியைப் படிக்கிறன். மூண்டு, சைபர், எட்டு, ஏழு, நாலு. ரெண்டாவது அடி அவன்ர. ராகம் வேண்டாம். அஞ்சு எண்ணை எழுதி அனுப்பினாலும் காணும். அந்த அஞ்சும் சரியா வந்தால், எங்க வரச் சொல்லுறீரோ அங்க அந்த ஆளை நானே கூட்டிக்கொண்டு வாறன். அவனை விடும், அந்த ஆளை வைச்சிரும்.

எண் வராது எண்டு எனக்குத் தெரியும். நாளைக்கும் நீர், நேரமில்லை அப்பா எண்டுதான் எழுதுவீர். எண்டாலும் கேக்க வேணும் எல்லே. கேளாமல் விட்டால் கணக்குத் திறந்தபடி கிடக்கும்.

என்ன, எழுத வேண்டாம் எண்டன், எழுதுறீர். பேரோ? முதல்ல பேரோ?

அதில என்ன. முருகேசு. அந்தத் தேத்தண்ணி ஐயா. படலையில வந்து நிண்டது நீரெண்டால் உமக்கு என்ர முகமும் தெரியும், நான்தான் அவன் இல்லை எண்டு சொல்லிப் படலையைச் சாத்தினனான். படம் முழுக்க நான்தான் எடுத்தது. மறைஞ்சு நிக்க எனக்கு ஒரு ஆப்பும் தேவைப்படேல்லை. ஆரும் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. என்ர மனிசிக்கு ஒண்டும் தெரியாது, அவ நடுக் கை. அதை மட்டும் வடிவா விளங்கிக்கொள்ளும்.

பொறும், அவ வாறா.

ஓமப்பா, தம்பிதான். ஓம், சுகமாம். சாப்பிட்டிட்டானாம், சோறுதான். பினாட்டுக் கிடைச்சதாம், நல்லாயிருந்ததாம். இல்லையப்பா, இனி அனுப்ப வேண்டாமாம். இஞ்சை வாற யோசினையாம். எப்பவெண்டு சொல்லேல்லை. தனியவோ? இல்லை, கூட ஆக்களும் வருவினம் போல கிடக்குது.